ஒன்பது அங்குலம்

தர்ஸா ஹெஸ்லப்பைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கு எங்கள் ஊரில் பத்துப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் மீன்கடை வரிசையில் அவள் முதுகைப் பார்த்தவர்கள். நான் அவளுக்குப் பக்கத்து மேஜையில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தவள். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்பவள் என்று எனக்குப் பெயர் உண்டு, அதை மறுக்கவில்லை. கூட்டிச் சொன்ன இடமெல்லாம் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு வராத இடமெல்லாம் நடந்தபடியே நடந்தது.

டைன் நதியின் வடகரையில் இருந்தது எங்கள் கப்பல் கட்டும் யார்டு. வரைபட அலுவலகத்தின் உச்சியில், கூரைக் கண்ணாடிக்கு அடியில், பெண்கள் பதினான்கு பேர் வேலை செய்தோம். கீழே டிராஃப்ட்ஸ்மேன்கள் கப்பலைப் பென்சிலால் தாளில் வரைவார்கள். நாங்கள் அந்தத் தாளின் மேல் கஞ்சியேற்றி மெருகிட்ட மெல்லிய துணியை விரித்து, ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு எண்ணையும் மையால் பிரதி எடுப்போம். அந்தத் துணியிலிருந்துதான் நீலப் பிரதிகள் போடுவார்கள்; அதைப் பார்த்துத்தான் இரும்பை வெட்டுவார்கள். துணியின் மூலையில் பிரதி எடுத்தவளின் முதலெழுத்துகள் இருக்கும். கப்பல் தண்ணீரில் இறங்கும்போது பட்டுத் தொப்பி வைத்த சீமாட்டிகள் அதன் மூக்கில் மது பாட்டிலை உடைத்துப் பெயர் வைப்பார்கள். எங்கள் பெயர் அந்த மூலையோடு சரி.

எங்கள் தலைவி மிஸ் ஸ்டாப்ஸ். நதிக்கு அக்கரையில் யாராவது பேனாவைத் தப்பாகப் பிடித்தால்கூட இக்கரையில் அவளுக்குக் காது அரிக்கும். அவள் சொன்ன விதி ஒன்றே ஒன்று: தாளில் இருப்பது துணியில் வர வேண்டும். "டிராஃப்ட்ஸ்மேன் புகைபோக்கியைக் கப்பலுக்கு அடியில வரைஞ்சிருந்தாலும், நீங்க அடியிலதான் வரையணும். யோசிக்கிறதுக்கு அவங்களுக்குச் சம்பளம். உங்களுக்கு இல்ல."

தர்ஸாவின் கைதான் எங்கள் எல்லோரிலும் சுத்தம். அவள் போட்ட கோட்டில் எறும்பு நடந்தால் எறும்புக்கே கூச்சம் வரும். முப்பத்தொரு வயது. அப்பா ஆணியடிக்கும் வேலையில் காது செவிடாகி, பிறகு நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கும் முன்னால். தம்பி கத்பர்ட்டை எட்டு வயதிலிருந்து இவள்தான் வளர்த்தாள். கல்யாணமானால் பிரதி எடுக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது யார்டின் சட்டம். தம்பி சம்பாதிக்கும் வரைக்கும் என்று தள்ளிப்போட்டாள். பெண் கேட்டு வந்தவன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜாரோவில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான்.

'டார்செட்' என்ற நாசகாரிக் கப்பலின் தாள்கள் எங்களிடம் வந்தது போர் தொடங்கிய முதல் குளிர்காலத்தில். நாசகாரி என்றால் வேகம். வேகம் என்றால் மெலிவு. முந்நூற்று அறுபதடி நீளம், முப்பத்தாறடி அகலம், தகடு அவ்வளவு மெல்லிசு. உள்ளே சமையற்காரன் தும்மினால் வெளியே வண்ணம் உதிரும் என்று கீழே பேசிக்கொள்வார்கள். வயிறு முழுக்கக் கொதிகலனும் எந்திரமும். மிச்ச இடத்தில் நூற்றெண்பது ஆட்கள். அதிலும் பாதி வரைந்து முடித்த பிறகு, விமானங்களைச் சுட இன்னும் பீரங்கி வேண்டும், நீர்மூழ்கி மேல் போட இன்னும் குண்டு வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒன்றை உள்ளே வைத்தால் இன்னொன்று நகர வேண்டும். கொதிகலன்காரர்கள் படுக்கும் கீழ்த்தளத்துத் தாளை மட்டும் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் மிஸ்டர் லெய்ட்லர் பதினோரு தடவை அழித்து வரைந்தார். தாள் பூனை பிராண்டிய திரைச்சீலை மாதிரி இருந்தது.

அந்தத் தாள்தான் தர்ஸாவுக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டு மணிச் சங்குக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. மிஸ் ஸ்டாப்ஸ் கீழே போயிருந்தாள். நான் என் மாமா சால்மன் மீன் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மீனை மாமா இழுக்க, மாமாவை மீன் இழுக்க, ரெண்டும் நியூகாஸில் பாலம் வரைக்கும் போயிருச்சு. அங்க போலீஸ்காரன் நிறுத்தி, 'ரெண்டு பேர்ல யாரு யாரைப் பிடிச்சிருக்கீங்க?'ன்னு கேட்டானாம். மீன்தான் முதல்ல கையைத் தூக்குச்சாம்."

"ஐவி, வாயை மூடுடி, கை ஆடுது" என்றாள் தர்ஸா. அதற்குள் சிரித்துவிட்டாள். பேனாவிலிருந்து ஒரு சொட்டு. கிட்டத்தட்ட முடிந்திருந்த துணியின் நடுவில், பட்டாணி அளவுக்கு.

"போச்சு."

"பிளேடால சுரண்டிரலாமே."

"இவ்வளவு பெரிசைச் சுரண்டினா ஓட்டை விழும். திங்கக்கிழமை காலைல நீலப் பிரதி போடணும்னு லெய்ட்லர் சொல்லியிருக்கார்."

புதுத் துணி விரித்தாள். சங்கு ஊதிய பிறகும் இருந்து, இரண்டு மணிக்குள் முழுத் தாளையும் மறுபடி எழுதி முடித்தாள். அவளைப் போல வேகமும் யாருக்கும் இல்லை.

கெட்டுப்போன துணியை வீட்டுக்கு எடுத்துப் போனாள். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். வெந்நீரில் கொதிக்க வைத்தால் கஞ்சியும் மையும் கழன்று, கடையில் கிடைக்காத மெல்லிய துணி மிஞ்சும். எங்கள் தெருக்களில் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தைகளில் பாதிப் பேர் ஏதோ ஒரு போர்க்கப்பலைப் போர்த்திக்கொண்டுதான் வாங்கினார்கள். அந்தச் சனிக்கிழமைத் துணியில் தர்ஸா கத்பர்ட்டுக்கு மூன்று கைக்குட்டை தைத்தாள்.

கத்பர்ட் கடற்படையில் சேர்ந்து, கொதிகலன் வேலைக்குப் போய், கடைசியில் அவனைப் போட்ட கப்பல் 'டார்செட்'. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க தர்ஸா கையால வரைஞ்ச கப்பல்" என்று கப்பல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். நாற்பத்தொன்றாம் வருஷ வசந்தத்தில் அது கடலுக்குப் போனது. முதலில் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல். பிறகு வடக்கே, ரஷ்யாவுக்குப் போகும் கப்பல்களுக்குக் காவல். மெலிந்த கப்பலுக்கு அந்தக் கடல் ஆகாது. மேல்தளத்தில் பனி ஏறி ஏறித் தலைகனத்துப்போகும். பீரங்கிக் கனமும் சேர்ந்து கவிழ்ந்துவிடாமலிருக்கப் பனியைக் கோடாலியால் வெட்டித் தள்ள வேண்டும்.

நாற்பத்திரண்டு ஜனவரியில் நாலு நாள் லீவில் வந்தான். கடைசி நாள், சனிக்கிழமை சாயங்காலத் தேநீருக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தட்டையான ரொட்டி, பட்டாணி மசியல், மூன்று பேருக்கு இரண்டு புகைமீன். தன் பங்கில் பாதியைத் தம்பி தட்டில் தள்ளிவிட்டு, பசியில்லை என்று பொய் சொன்னாள் தர்ஸா. அவன் நெற்றி ஓரத்தில் ஒரு பச்சைக் காயம்.

"இது என்ன? ஜெர்மன்காரனா?" என்றேன்.

"மாமியார்."

"எப்பக் கல்யாணமாச்சு?"

"எங்க படுக்கைத் தளத்துல இருந்து மேல ஏறுற திறப்பு இருக்குல்ல, அதோட இரும்பு மூடிக்கு நாங்க வெச்ச பேரு. பக்கத்துல ஒரு இரும்புப் பெட்டி நிக்குது, கயிறு வைக்கிறதுக்கு. மூடி பின்னால முழுசாச் சாஞ்சு கொக்கியில மாட்டணும். பெட்டி இடிக்கிறதால பாதியிலேயே நின்னுக்கும். ஒரு சங்கிலியில கட்டி வெச்சிருக்கோம். கப்பல் கொஞ்சம் சாஞ்சுதுன்னா சங்கிலி கழண்டு, டமார்! யாரு ஏறினாலும் மண்டையில ஒண்ணு. மாமியாரேதான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தர்ஸா சிரிக்கவில்லை.

"பெட்டி எவ்வளவு தூரத்துல இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? ஒரு சாண் இருக்கும்."

"சரியாச் சொல்லுடா."

"ஏம்மா தர்ஸா, நான் என்ன அளவுகோலை வெச்சிக்கிட்டா தூங்குறேன்? பதினோரு பேரு குறட்டை விடுற இடம் அது."

மறுநாள் விடியற்காலை ரயிலில் அவன் போய்விட்டான். திங்கட்கிழமை சங்கு ஊதுமுன்பே தர்ஸா துணிகள் வைக்கும் அறையில் நின்றுகொண்டிருந்தாள். நான் போனபோது, அந்தச் சனிக்கிழமை அவள் இரண்டாவதாக எழுதிய துணி மேஜையில் விரிந்திருந்தது. திறப்புக்கும் பெட்டிக்கும் நடுவே, அவள் கையெழுத்தில், முத்து மாதிரி: ஒன்பது அங்குலம்.

"ரெண்டடி ஒன்பது அங்குலமா இருந்திருக்கணும். அப்பத்தான் மூடி சாயும். ரெண்டடியை நான் விட்டுட்டேனா, ஐவி?"

"தாள்லயே அப்படித்தான் இருந்திருக்கும். பதினோரு தடவை அழிச்ச தாள்."

"தாளைப் பாத்தாத் தெரியும்."

பென்சில் தாள்களெல்லாம் போன இலையுதிர்காலத்தில் போர்க் காகிதச் சேகரிப்புக்குப் போய்விட்டன. மூட்டை கட்டி லாரியில் ஏற்றியதே நாங்கள்தான். தேசபக்திப் பாட்டு வேறு பாடினோம்.

"முதல் துணி இருந்திருந்தா..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். மை கொட்டின முதல் துணியில், நிதானமாக எழுதிய நாளில், அவள் என்ன எழுதியிருந்தாள்? அதைப் பார்த்தால் போதும். அதைத்தான் சோடா போட்டு நாற்பது நிமிஷம் கொதிக்க வைத்திருந்தாளே.

மிஸ்டர் லெய்ட்லரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் துணியை ஜன்னல் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"இதுல என் கையெழுத்தும் இருக்கு, மிஸ் ஹெஸ்லப். நான் சரிபார்த்துதான் போட்டிருக்கேன்."

"தாள்ல நீங்க என்ன எழுதியிருந்தீங்க, சார்?"

"ஞாபகமில்ல. அந்த மாசம் நான் எழுதினது எதுவுமே ஞாபகமில்ல."

"பெட்டியை வெட்டி எடுத்துரச் சொல்லுங்க. இதே மாதிரி அடுத்த கப்பல் 'ஆல்வின்டன்'னையும் இதே துணியை வெச்சுத்தான் கட்டினாங்க. இனிமே கட்டப்போற மூணாவது கப்பலுக்கும் இதேதான்."

"கடல்ல இருக்கிற கப்பலுக்கு ஒரு பெட்டிக்காகத் தந்தி அடிக்க முடியாது. பழுதுபார்க்க வரும்போது கவனிக்கலாம். போங்க."

தம்பிக்கு எழுதினாள். கடிதத்தைத் தணிக்கைக்காரர் பிரிப்பார். அதனால் நாலே வரி. அந்தப் பெட்டியை எடுக்கச் சொல்லி உங்க அதிகாரியிடம் உடனே கேள் என்று. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'கேட்டேன். மே மாதம் பழுதுபார்க்கும்போது செய்வார்களாம். மாமியாரைப் பற்றி நீ கவலைப்படாதே. நான் குனிந்து போகப் பழகிவிட்டேன்.'

மார்ச் மாதம் 'டார்செட்' மூழ்கியது.

தந்தியில் 'காணவில்லை' என்றிருந்தது. ஏப்ரல் கடைசியில், 'டார்செட்'டிலிருந்து உயிர் தப்பிய ஒரு கடற்படைக்காரர் கத்பர்ட்டின் வீட்டைத் தேடி வந்தார். பெங்கெல்லி என்று பெயர், கார்ன்வால்காரர், பனியில் இரண்டு விரல் போயிருந்தது. முகவரியைத் தொலைத்துவிட்டு, யார்டு வாசலில் விசாரித்தார். வாசல்காரர்கள் கூப்பிட்டது தர்ஸாவை அல்ல, அவள் சிநேகிதியான என்னை. படகுத்துறை டீக்கடையில் உட்கார வைத்தேன்.

"அந்தத் திறப்பு வழியா யாராவது வந்தாங்களா?" என்றேன்.

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "டார்பிடோ பின்பக்கம் பட்டுச்சு. கப்பல் சாஞ்சதும் மூடி விழுந்துருச்சு. விழுந்ததுல பெட்டிக்கும் மூடிக்கும் நடுவுல சங்கிலி மாட்டிக்கிச்சு. நானும் இன்னொருத்தரும் கடப்பாரை போட்டு நெம்பினோம். தூக்கிப் பிடிச்சிக்கிட்டு ஒவ்வொருத்தரா இழுத்தோம். நாலு பேரு. அஞ்சாவது ஆளு கையைப் பிடிச்சேன். அப்ப மறுபடி சாஞ்சிருச்சு."

"எவ்வளவு நேரம் இருந்தது?"

"பட்டதுல இருந்து முங்குற வரைக்கும் ரெண்டு நிமிஷம். கொஞ்சம் கூட இருக்கலாம். இதை அவங்க அக்கா கிட்ட எப்படிங்க சொல்றது? எங்களுக்கெல்லாம் அவங்களைத் தெரியும். 'எங்க தர்ஸா வரைஞ்ச கப்பல்'னு..."

நான் அவரை அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டேன். நானே சொல்கிறேன் என்றேன். தர்ஸாவின் சமையலறையில் உட்கார்ந்து, டார்பிடோ நேரே அந்தப் படுக்கைத் தளத்திலேயே பட்டது, ஒரு நொடியில் எல்லாம் முடிந்தது, எந்த மூடியும் எந்தப் பெட்டியும் அதில் சம்பந்தப்படவில்லை என்று சொன்னேன். அழகாக, அளவாகச் சொன்னேன்.

அவள் அடுப்பங்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான், கண்ணு."

"நீ தபால் வாங்கப் போய்ட்டு வந்தாலே வழியில ரெண்டு கரடி வரும். இதுல ஒண்ணுமே வரல. பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி சொன்ன." கம்பியை விட்டாள். "இப்ப நடந்ததைச் சொல்லுடி."

சொன்னேன். நாலு பேர், அஞ்சாவது கை, இரண்டு நிமிஷம். அது யார் கை என்று அவள் கேட்கவில்லை. நானும் பெங்கெல்லியைக் கேட்டிருக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே காரணம்தான்.

மறுநாள் காலை அவள் அந்தத் துணியை எடுத்து மேஜையில் விரித்தாள். பிளேடை எடுத்து ஒன்பதுக்கு முன்னால் ஓடிய அளவுக்கோட்டைச் சுரண்டி, நகத்தால் வழவழப்பாக்கி, வெண்பொடி தேய்த்து, 'இரண்டடி' என்று எழுதினாள். பெட்டியை வேறு இடத்தில் வரைந்தாள். பக்கத்தில் தேதி போட்டு, முதலெழுத்துகள் அல்ல, முழுப் பெயரை எழுதினாள். உத்தரவுச் சீட்டு இல்லாமல் துணியில் ஒரு புள்ளியை மாற்றினால்கூட வேலை போகும். மிஸ் ஸ்டாப்ஸ் பின்னால் வந்து நின்றது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் போய், மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெய்ட்லர் துணியைப் பார்த்தார். பேனாவை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"மூணாவது கப்பல் இதைப் பாத்துத்தான் கட்டும்" என்றார். பிறகு, "உங்களை நான் வெச்சிக்க முடியாது, மிஸ் ஹெஸ்லப். எல்லாப் பொண்ணுங்களும் அவங்கவங்க யோசனைக்குத் திருத்த ஆரம்பிச்சா, எந்தத் துணியையும் யாரும் நம்ப முடியாது."

"தெரியும், சார்."

"அந்த ரெண்டடியை விட்டது நானா இருக்கலாம்" என்றார் லெய்ட்லர். "நம்ம ரெண்டு பேர்ல யாருன்னு எனக்கு நிஜமாவே தெரியல."

"எனக்கும் தெரியல, சார்."

பதினான்கு வருஷ வேலை. தன் பேனாக்களைத் துடைத்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆண்கள் பலர் போருக்குப் போய்விட்டதால் அப்போது கீழே, கப்பல் கட்டும் களத்தில், பெண்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தர்ஸா இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங் கற்றுக்கொண்டாள். கோட்டை மையால் போட்டவள் நெருப்பால் போட்டாள். அங்கேயும் சுத்தமான கை என்றார்கள். முதல் வாரம் ஆண்கள் கேலி பேசினார்கள். "மேல இருந்து இறங்கின சீமாட்டி, தீப்பொறி பட்டா பவுடர் கலையப் போகுது!" அவள் ஒரு தகட்டை வெட்டிக் காட்டினாள். கேலி பேசிய ஆள் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்குத் தன் தேநீரில் பாதியை ஊற்றிக் கொடுத்தார்.

ஜூலையில் 'ஆல்வின்டன்' கொதிகலன் சுத்தம் செய்ய எங்கள் துறைக்கு வந்தது. வேலைப் பட்டியலின் கடைசியில் லெய்ட்லரின் கையெழுத்தில் ஒரு வரி: கீழ்த்தளத் திறப்பருகே உள்ள பெட்டியை அகற்றவும். தர்ஸா மேஸ்திரியிடம் கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அவளுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கப்பலின் கொதிகலன்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அங்கே அந்த மூடிக்குப் 'பாதிரியார்' என்று பெயர். எல்லோரும் தலைகுனிந்துதான் போக வேண்டுமாம். தர்ஸா முகமூடியை இறக்கி, நான்கு மூலையும் வெட்டினாள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. மூடியைத் தூக்கிப் பின்னால் தள்ளினாள். அது முழுசாகச் சாய்ந்து, கொக்கியில் 'ணங்' என்று மாட்டிக்கொண்டது.

"பாதிரியாரை ஓய்வுக்கு அனுப்பிட்டாங்கடா!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"யார்கிட்டயாவது கடிகாரம் இருக்கா?" என்றாள் தர்ஸா.

ஒருவர் கழற்றிக் கொடுத்தார்.

"பதினோரு பேரு கீழ போங்க. படுத்துக்குங்க. நான் சொன்னதும் மேல வாங்க."

"என்னம்மா, டிரில்லா? எங்க அதிகாரியே தேவலாம் போலிருக்கே!"

சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்கள். பதினொன்று என்று எண்ணி இறக்கினாள். "வாங்க" என்றாள். ஒருவர் மேல் ஒருவர் ஏறி, தள்ளி, திட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசி ஆள் மேல்தளத்தில் கால் வைத்ததும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐம்பத்திரண்டு செகண்டு."

"அது நல்லதாம்மா, கெட்டதா?"

"இன்னொரு தடவை."

அவள் முகத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர் மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நாற்பத்தேழு செகண்டு. இரண்டு நிமிஷத்தில் பாதிகூட இல்லை. கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று உரியவரிடம் கேட்டாள். சரியாகத்தான் ஓடுகிறது என்றார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

"சாப்பிட வாடி" என்றேன்.

"இதை இப்படியே விட முடியாது. ஏறி வர்றவங்க முழங்கால் கிழியும்" என்றாள். பெட்டி இருந்த இடத்தில் வெட்டின விளிம்பு கூராக நின்றது. கையுறையைக் கழற்றிவிட்டு, அரத்தை எடுத்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். விரலால் தடவிப் பார்ப்பாள், தேய்ப்பாள், மறுபடி தடவிப் பார்ப்பாள். சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.